டயல் இல்லாத முகம்: வத்திராயிருப்புத் தொலைபேசி ஒன்றை முன்வைத்து

பேக்கலைட் மேசைத் தொலைபேசியின் வடிவழகைப் பேசுவோர் நார்வே ஓவியர் ஹெய்பெர்கிலிருந்தே தொடங்குவர். அவரும் பொறியாளர் பியெர்க்னெஸும் 1930களின் தொடக்கத்தில் எரிக்சன் நிறுவனத்துக்காக உருவாக்கிய கறுப்புக் கருவி, அதுவரை சுவரில் தனிப்பெட்டியாகத் தொங்கிய மணியையும் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டது. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதுதான். ஆனால் வடிவத்தின் பெரும்பகுதியை அச்சும் எக்ஸ்சேஞ்சும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன என்பதே என் வாதம். சிற்றூரான வத்திராயிருப்பின் பழைய வீடு ஒன்றில் நான் பார்த்த தொலைபேசியே என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

முதலில் அச்சு. வேதியியலாளர் பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைட், பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். மரத்தூள் கலந்த அதன் பொடியை எஃகு அச்சிலிட்டுச் சூடாக்கி அழுத்தினால் இறுகிவிடும். இறுகியதை மறுபடி உருக்க முடியாது. அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வர, பக்கங்கள் மேல்நோக்கிச் சரிய வேண்டும். கூரான மூலை எளிதில் விரிசல் விடும் என்பதால் முனைகளை உருட்ட வேண்டும். பிசினே பழுப்பு, நாளாக ஆக இன்னும் கருக்கும். ஆகவே கறுப்பே கைகொடுத்தது. கோபுர அடித்தளம்போல் அகன்று மேலே குறுகும் அந்த உடலை நாம் கம்பீரம் என்கிறோம். அச்சுக்காரருக்கு அது கட்டாயம்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச். டயலைச் சுற்றும்போது லைனில் ஒன்றும் நிகழ்வதில்லை. விரலை எடுத்ததும் சுருள்வில் அதைத் திருப்ப, அந்தத் திரும்பலில்தான் மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபடுகிறது: 3க்கு மூன்று முறை, 0க்குப் பத்து முறை. நொடிக்குப் பத்து துடிப்பு என்ற வேகத்தை உள்ளிருக்கும் கவர்னர் காக்கிறது. எவ்வளவு அவசரம் என்றாலும், அந்தத் துடிப்புகளை எண்ணி லைன் கொடுக்கும் ஸ்ட்ரௌஜர் என்ற தானியங்கி எக்ஸ்சேஞ்சின் நடைக்குத்தான் விரல் காத்திருக்க வேண்டும். எனவே டயலை அந்த இயந்திரத்தின் நீட்சி என்றே கொள்ள வேண்டும்.

இயந்திரம் இல்லாத ஊரில்? 1948இல் தொடங்கிய பெங்களூர் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை லிவர்பூல் நிறுவனமொன்றின் தொழில்நுட்பத்துடன் ஸ்ட்ரௌஜர் கருவிகளைச் செய்தது. இருந்தும், 1980களின் பிற்பாதியில் மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் பரவும்வரை சிற்றூர்கள் பலவற்றில் இருந்தது கை எக்ஸ்சேஞ்ச்; ஆபரேட்டர்தான் லைன் கொடுத்தார். வெளியூருக்கு டிரங்க் கால் ‘புக்’ பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே டயலுக்கு வேலை இல்லை. ஆனாலும் விலையுயர்ந்த எஃகு அச்சை ஊருக்கு ஊர் மாற்ற முடியுமா? அதே உடல், அதே வட்டக்குழி. டயலுக்குப் பதில் ஒரு வெற்று மூடி. வத்திராயிருப்புக் கருவியின் முகம் அதுதான்.

கையில் எடுத்துப் பார்த்தேன். கைப்பிடியில் பளபளப்பு போய், மரத்தூளின் பழுப்பு தெரிகிறது. கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்தால் கார்பாலிக் சோப்பு வாடை எழுகிறது. நடு மூடியை மட்டும் யாரும் தொட்டதில்லை. இன்றும் அதில் முகம் தெரிகிறது.

டயல் இல்லாததைக் குறையென்று எண்ணி, சேகரிப்பாளர் வேறொரு கருவியின் டயலைப் பொருத்தினால், ஊரின் எக்ஸ்சேஞ்ச் எப்படிப்பட்டது என்பதற்கான சான்று அழிந்துபோகும். அருங்காட்சியகப் பதிவேட்டில் ‘டயல் இல்லை’ என்று எழுதுவதும் போதாது. ‘கை எக்ஸ்சேஞ்சுக்கான மூடி’ என்று எழுத வேண்டும்.