மூன்று வரி, ஒரு வரி

இரத்தினபுரித் தோட்டப்புறத்திலும் சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்ற தமிழ்மொழிமூல மாணவர்க்குப் பாடநூல் காட்டிய நிரல்மொழி பாஸ்கல். நிக்லாஸ் விர்த் கற்பித்தலுக்கு ஏற்றதாக உருவாக்கிய அது 1970இல் வெளியானது. இரு மாறிகளின் பெறுமானங்களை இடமாற்றும் பயிற்சிக்கு அதில் மூன்று வரியும் மூன்றாவதொரு மாறியும் வேண்டும். தேநீரையும் பாலையும் கோப்பை மாற்ற வெறுங்கோப்பை வேண்டியிருப்பதைப் போல.

உயர்தரத்தில் வரும் பைதன் 1991இல் வெளியானது. அதில் ஒரே வரி போதும்: அ, ஆ = ஆ, அ. (2008இல் வந்த பைதன் 3 தமிழ் எழுத்தையும் மாறிப்பெயராக ஏற்கும்.) வெறுங்கோப்பையின் வேலையை மொழியே உள்ளே பார்த்துக்கொள்கிறது.

1 முதல் 100 வரை கூட்டும் பயிற்சியில் சுருக்கம் கணிதத்திலிருந்து வருகிறது. நூறுமுறை சுழலும் மீள்செயலுக்குப் பதில் 100 × 101 ÷ 2, விடை 5050. கூட்டுத்தொடருக்கான விதி, கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே உண்டு.