நீளத்திலிருந்து அமைப்புக்கு: குழந்தைகளின் வாக்கிய வளர்ச்சியை அளக்கும் முறைகளின் வரலாறு

பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனும், தானே சொற்களைத் தொடுத்து வாக்கியமாக்கிப் பேசும் திறனும் குழந்தையிடம் ஒரே சீராக வளர்வதில்லை. இவற்றுள் பின்னதன் இலக்கணப் பகுதியைப் பேச்சு-மொழி சிகிச்சைத் துறையினர் வெளிப்பாட்டு இலக்கணம் என்பர். இரண்டும் தனித்தனியே பழுதுபடக்கூடும் என்பதால், குழந்தை எவ்வளவு பேசுகிறது என்பதோடு எத்தகைய வாக்கியங்களை ஆக்கிப் பேசுகிறது என்பதையும் அறிந்த பின்னரே சிகிச்சையின் இலக்குகளை வகுக்க முடியும். இதற்கான அளவுகோல்கள் கடந்த நூறாண்டுகளில் நீளத்தை எண்ணுவதிலிருந்து அமைப்பை ஆராய்வதற்கு நகர்ந்தன என்பதையும், ஒவ்வோர் அளவுகோலும் அது பிறந்த மொழியின் இயல்பைத் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லை எண்ணிய காலம்

அமெரிக்காவில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், குழந்தையின் பேச்சு முன்னேற்றத்துக்கு வாக்கிய நீளத்தையே அளவாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். மின்னசோட்டாவில் ஆய்வு செய்த டோரதியா மெக்கார்த்தி, பதினெட்டு மாதம் முதல் ஐம்பத்து நான்கு மாதம் வரையிலான 140 குழந்தைகளிடம் தலைக்கு 50 கூற்றுகளைப் பதிவு செய்து, 1930இல் தம் முடிவுகளை நூலாக்கினார். கூற்று என்பது பேசுபவர் ஒரு மூச்சில் சொல்லி நிறுத்தும் பேச்சின் அலகு. அது முழு வாக்கியமாகவோ ஒற்றைச் சொல்லாகவோ இருக்கலாம். மில்ட்ரெட் டெம்ப்ளின் 1957இல் மூன்று முதல் எட்டு வயது வரையிலான 480 குழந்தைகளை ஆராய்ந்தபோதும் 50 கூற்று என்ற இந்த வழக்கமே தொடர்ந்தது.

வயது ஏற ஏறக் கூற்றின் நீளமும் கூடுகிறது என்பதை இவ்வாய்வுகள் ஐயமற நிறுவின. ஆயினும் சொற்களின் எண்ணிக்கை மட்டும் இலக்கணத்தைக் காட்டிவிடாது. சம நீளமுள்ள இரு கூற்றுகளில் ஒன்று சொற்களை வெறுமனே அடுக்கியதாகவும், மற்றொன்று காலமும் பன்மையும் சரியாகப் பொருந்தியதாகவும் இருக்கக்கூடும். சொல்லெண்ணிக்கை அவ்விரண்டையும் ஒன்றாகவே மதிப்பிடும்.

உருபனை எண்ணுதல்

இக்குறையைக் களையும் வழி மொழியியலிலிருந்து வந்தது. ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட சோதனையில், பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, அதற்கு ‘வக்’ என்று முன்பின் இல்லாத பெயரிட்டு, அத்தகைய இரண்டைக் காட்டும்போது எப்படிச் சொல்வது என்று குழந்தைகளிடம் கேட்டார். ‘வக்ஸ்’ என்று விடையளித்த குழந்தை அச்சொல்லை அதற்குமுன் எங்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே பன்மையாக்கும் விதி குழந்தையின் மனத்தில் உள்ளது என்பது தெளிவாயிற்று.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராஜர் பிரவுன், ஆடம், ஈவ், சாரா என்று ஆய்வுலகம் அறியும் மூன்று குழந்தைகளின் பேச்சை 1962 முதல் பதிவு செய்து, 1973இல் ‘முதல் மொழி’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். பொருள் தரும் மிகச்சிறிய மொழிக்கூறாகிய உருபனை அலகாகக் கொண்டு, நூறு கூற்றுகளில் உள்ள உருபன்களைக் கூட்டி நூறால் வகுப்பதே அவர் வகுத்த சராசரிக் கூற்று நீளம். ‘டாக்’ என்பது ஓர் உருபன். பன்மை காட்டும் ‘ஸ்’ சேர்ந்த ‘டாக்ஸ்’ இரண்டு. ஆனால் ‘கோ’ என்ற வினையின் இறந்தகால வடிவமான ‘வென்ட்’ ஒன்றாகவே எண்ணப்படும். குழந்தை அதைப் பகுக்காமல் முழுச்சொல்லாகக் கற்கிறது என்பதே காரணம். எனவே பிரவுனின் எண்ணும் விதிகள், குழந்தைக்கு எது பகுபதமாகத் தெரியும் என்பதைப் பற்றிய கருதுகோள்களாகவும் அமைந்தன.

இந்த அளவைக் கொண்டு அவர் ஐந்து படிநிலைகளை வகுத்தார். பதினான்கு ஆங்கில இலக்கண உருபன்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் கைவருவதையும் காட்டினார். எனினும் சராசரி நான்கைத் தாண்டியபின் நீளம் பேச்சுச் சூழலைப் பொறுத்தே மாறுவதால், அதற்கு மேல் இந்த அளவுகோல் பயன் தருவதில்லை.

அமைப்பை மதிப்பிடுதல்

சிகிச்சை அறைக்கு நேரடியாக உதவும் கருவிகள் அடுத்து வந்தன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் லாரா லீ 1974இல் நூலாக்கிய வளர்ச்சிசார் வாக்கிய மதிப்பீடு, எழுவாயும் வினையும் அமைந்த 50 வாக்கியங்களைத் தொகுத்து, பிரதிப்பெயர், முதன்மை வினை, எதிர்மறை, இணைப்புச்சொல், வினா முதலிய எட்டு வகைகளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் கடினத்துக்கேற்ப மதிப்பெண் தருகிறது. ‘மற்றும்’ எனப் பொருள்படும் இணைப்புச்சொல்லுக்கு மூன்று மதிப்பெண், ‘ஏனெனில்’ எனப் பொருள்படும் சொல்லுக்கு ஆறு. வாக்கியம் பெரியவர் பேச்சைப் போலப் பிழையின்றி அமைந்தால் கூடுதலாக ஒரு மதிப்பெண்.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரிஸ்டல், பால் பிளெட்சர், மைக்கேல் கார்மன் மூவரும் 1976இல் வெளியிட்ட லார்ஸ்ப் முறை வேறு பாதையைத் தேர்ந்தது. ஒற்றை மதிப்பெண்ணால் குழந்தையின் வயதுநிலை தெரியுமேயன்றி, அடுத்து எதைக் கற்பிப்பது என்பது தெரியாது. ஆகவே வாக்கியத்தொடர், சொற்றொடர், சொல் ஆகிய நிலைகளில் குழந்தை பயன்படுத்தும் அமைப்புகள் அனைத்தையும் ஏழு வளர்ச்சிக் கட்டங்களாகப் பிரித்த ஒரே தாளில் அவர்கள் பதிந்தனர். அத்தாளில் வெற்றிடமாக நிற்கும் பகுதியே சிகிச்சையின் அடுத்த இலக்கைக் காட்டியது. நோயறிதலையும் சிகிச்சைத் திட்டத்தையும் ஒரே பதிவில் இணைத்தது இம்முறையின் நிலையான பங்களிப்பு.

குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளைத் தொகுக்க 1984இல் தொடங்கிய சைல்ட்ஸ் தரவகமும், சால்ட் முதலிய மென்பொருள்களும், எழுத்தாக்கிய பேச்சு மாதிரிகளைக் கணினியில் ஆராய வழிசெய்தன. 1990இல் ஹோலிஸ் ஸ்கார்பரோ, நூறு கூற்றுகளில் எத்தனை வகை இலக்கண அமைப்புகள் இடம்பெறுகின்றன என்பதை அளக்கும் குறியீட்டெண்ணை வகுத்தார். 2001இல் ஜினா கான்டி-ராம்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும், கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனை, மொழிக் குறைபாட்டை இனங்காண்பதில் தாம் ஒப்பிட்ட பிற சோதனைகளைவிடச் சிறந்தது எனக் காட்டினர். வாக்கியம் நினைவாற்றலின் கொள்ளளவை மிஞ்சும்போது, தன் இலக்கண அறிவைக் கொண்டு அதை மீண்டும் கட்டியாக வேண்டிய நிலை குழந்தைக்கு ஏற்படுவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

தமிழும் அளவுகோல்களும்

மேற்கண்ட கருவிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காக உருவானவை. ‘அம்மாகிட்ட குடுத்தேன்’ என்று ஒரு குழந்தை சொன்னால் அதில் சொற்கள் இரண்டே. ஆனால் அம்மா, கிட்ட, குடு, காலம் காட்டும் இடைநிலை, தன்மை ஒருமை விகுதி என உருபன்கள் ஐந்து. லீயின் விதிப்படி, எழுவாய் வெளிப்படையாக இல்லாத இக்கூற்று வாக்கியக் கணக்கிலேயே சேராது. தமிழிலோ விகுதியே எழுவாயை உணர்த்துவதால் இது குறையற்ற வாக்கியம். ‘மழ பெஞ்சதால வரல’ என்பதில் காரணத்தை உணர்த்துவது தனிச்சொல்லன்று, ஈற்று உருபு. ‘கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தாங்க’ என்பதில் மூன்று செயல்களை இணைப்பவை வினையெச்சங்கள். இணைப்புச்சொற்களை மட்டும் தேடும் மதிப்பீடு, இத்தகைய வளர்ந்த அமைப்புகளைக் காணாமலே கடந்துவிடும்.

உருபன்களை எண்ணுவதிலும் எச்சரிக்கை தேவை. குழந்தை ‘குடுத்தேன்’ என்ற ஒரே வடிவத்தை மட்டும் பயன்படுத்தினால் அது மனப்பாடமான முழுச்சொல்லாக இருக்கலாம். ‘குடுத்தான்’, ‘குடுப்பேன்’ என மாற்றியும் சொன்னால்தான் இடைநிலையையும் விகுதியையும் தனித்தனியே எண்ணுவது முறையாகும். சொல்வடிவங்கள் செறிந்த எபிரேய மொழிக்கு எஸ்தர் டிரோமியும் ரூத் பெர்மனும் 1982இல் தனி எண்ணும் விதிகளை வகுத்தது இத்தேவை கருதியே.

தமிழில் இதற்கான அடித்தளமும் இடப்பட்டுள்ளது. ஆர். நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் பதிவு செய்த தமிழ்க் குழந்தையின் உரையாடல்கள் சைல்ட்ஸ் தரவகத்தில் உள்ளன. வினாவும் எதிர்மறையும் தமிழ்க் குழந்தைகளிடம் வளரும் முறையை வைத்தியநாதன் ஆராய்ந்துள்ளார். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் குழந்தைகள் விகுதிகளை இளவயதிலேயே குறைந்த பிழைகளுடன் கற்கின்றனர் எனக் காட்டுகிறது. எனவே ஆங்கிலக் குழந்தையிடம் இயல்பாகக் கருதப்படும் விகுதி விடுபடல், அதே வயதுத் தமிழ்க் குழந்தையிடம் காணப்பட்டால், அதை எளிதில் புறக்கணிக்க இயலாது.

முடிவுரை

நைஸ் முதல் ஸ்கார்பரோ வரையிலான வரலாற்றில் அலகுகள் மாறியபோதும், குழந்தை இயல்பாகப் பேசிய பேச்சே முதன்மைச் சான்றாக நிலைத்திருக்கிறது. தமிழ்ச் சிகிச்சையாளர் கடன்பெறத் தக்கது மாதிரி எடுத்தல், எழுத்தாக்கல், வகைப்படுத்தல் ஆகிய நெறிமுறையையே. ஆங்கிலத்தின் மதிப்பெண்களையும் வயது வரம்புகளையும் அல்ல. அந்நெறியில் அமையும் தமிழ் மதிப்பீடு, எழுத்துத் தமிழை அளவாகக் கொள்ளாமல், குழந்தையின் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் வட்டாரப் பேச்சையே அளவாகக் கொள்ள வேண்டும். வேற்றுமை உருபு, இடைநிலை, விகுதி, எச்சம் ஆகியவற்றைத் தன் பதிவுத்தாளின் மையத்தில் நிறுத்த வேண்டும். அவ்வாறு அமையாத கருவி, நலமாகப் பேசும் குழந்தையைக் குறையுள்ளதாகக் காட்டும். உதவி தேவைப்படும் குழந்தையைக் கவனிக்காமல் விட்டுவிடும். இவ்விரு தவறுகளின் இழப்பையும் சுமப்பது குழந்தையே என்பதால், தமிழுக்குரிய அளவுகோலை உருவாக்குவதைச் சிகிச்சைத் துறை தன் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொள்வது கடமை.