கப்பல் கரி ஏற்றும் வரை: கொழும்பில் ஒரு பகல்

நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போன பயணிகளில் பெரும்பாலோர் கொழும்பில் சில மணி நேரம் கரையில் கழித்தார்கள். ஊரைப் பார்க்கவென்று கப்பல் அங்கே நிற்கவில்லை. ஏடனிலிருந்து ஏறத்தாழ 2,100 கடல் மைல் கடந்து வந்த கப்பலின் கரிக்கிடங்கு காலியாகிக் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைக்கு இன்னும் 3,100 கடல் மைலுக்கு மேல் பாக்கி இருக்கும். கரி ஏறி முடியும் வரை பயணிக்குக் கிடைத்த நேரமே அவருடைய இலங்கைப் பயணம். அந்த நேரத்துக்குள் எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எதை வாங்குவது என்ற கேள்விக்கு அறுபது, எழுபது ஆண்டுகளில் ஊரே ஒரு விடையை உருவாக்கி வைத்தது.

காலியிலிருந்து கொழும்புக்கு

இந்த வழக்கம் முதலில் வேரூன்றியது கொழும்பில் அல்ல, காலியில். 1840களில் பி அண்ட் ஓ கம்பெனியின் தபால் கப்பல்கள் சூயஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஓடத் தொடங்கியபோது இலங்கையில் அவை நின்ற துறை காலி. சீனாவுக்கும் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் கிளைத் தடங்கள் தொடங்கியதும், பயணிகள் கப்பல் மாறும் சந்தியாகவும் அது ஆனது. டச்சுக் கோட்டைக்குள் இருந்த ஹோட்டலில் தங்கி, மதில்மேல் உலாவி, வைரம் வைடூரியம் என்று சொல்லி விற்கப்பட்ட கற்களைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு அவர்கள் அடுத்த கப்பலில் ஏறினார்கள்.

ஆனால் காலித் துறைமுகத்தின் அடியில் பாறைகள் இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அங்கே பாதுகாப்பாக நிற்க முடியவில்லை. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கப்பல்களின் எண்ணிக்கையும் பருமனும் கூடின. காலித் துறைமுகத்தைச் சீர்படுத்துவதா, கொழும்பில் புதிதாக ஒன்றைக் கட்டுவதா என்ற வாதத்தில், 1872இல் ஆளுநராக வந்த வில்லியம் கிரெகரி கொழும்பின் பக்கம் நின்றார். திறந்த கடலாக இருந்த இடத்தில் கல்லும் கொங்கிரீட்டும் கொண்டு அலைதடுப்புச் சுவர் எழுப்பும் திட்டத்தைப் பொறியாளர் ஜான் கூட் வகுத்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் அரசரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பர் 8இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். வேண்டிய கருங்கல்லை மஹர கற்குழியில் சிறைக் கைதிகள் உடைத்தார்கள். தென்மேற்கு அலைதடுப்பு 1885இல் முடிந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1882இல், பி அண்ட் ஓ தன் தபால் கப்பல்களைக் காலியிலிருந்து கொழும்புக்கு மாற்றிவிட்டது.

கப்பல் போன வழியே வியாபாரமும் போனது. 1860இல் காலியில் தொடங்கிய ஓ. எல். எம். மாக்கான் மரிக்கார் இரத்தினக்கல் கடை கொழும்புக்கு வந்ததும் அப்படித்தான். தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் பலர் கோட்டைப் பகுதியில் கடை விரித்தார்கள்.

கரி ஏற்றும் வேளை

அந்நாளில் கொழும்பில் பயணிக் கப்பல்கள் துறைமேடையை ஒட்டி நிற்பதில்லை. துறைமுகத்தின் நடுவே மிதவைகளில் கட்டப்பட்டு நிற்கும். நின்றதும் கரி நிறைந்த பாரப் படகுகள் இரு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். கூலிகள் சாய்வுப் பலகைகளில் வரிசையாக ஏறிக் கரியைக் கொட்டிவிட்டு இறங்குவார்கள். கரித்தூசி உள்ளே புகாமலிருக்கக் கப்பலின் வட்டச் சாளரங்களையும் கதவுகளையும் அடைத்துவிடுவார்கள். வெப்பமண்டல வெயிலில் மூடிய அறைக்குள் இருப்பது யாருக்கும் ஆகாத காரியம். ஆகவே கரையிறங்குவது விருப்பம் மட்டுமல்ல, கட்டாயமும் ஆயிற்று.

இறங்குமுன் பார்க்க வேண்டியது கப்பலின் அறிவிப்புப் பலகை. புறப்படும் நேரம் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். தபாலும் சரக்கும் கரியும் ஏறி முடிவதைப் பொறுத்து அந்த நேரம் வைக்கப்பட்டது; பயணிக்காக அது நகராது. கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த தபால் கப்பல் வரும் வரை கொழும்பிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

ஏணியடியில் படகுக்காரர்கள் கூட்டமாகக் காத்திருப்பார்கள். பக்கக் கட்டை பூட்டிய ஒடுங்கிய தோணிகளில் வரும் சிறுவர்கள் ஆங்கிலப் பாட்டுப் பாடி, மேல்தளத்திலிருந்து எறியப்படும் காசுக்காகக் கடலில் குதித்து முக்குளிப்பார்கள். படகு பயணிகளை இறங்குதுறையில் விட்டதும் முதலில் கண்ணில் படுவது கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். படைவீரர் தங்கிய கட்டடத்தைத் திருத்தி 1875இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலை ஊரார் ஜி. ஓ. எச். என்று அழைத்தார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி அமைந்த அதன் முகப்பிலிருந்து தங்கள் கப்பல் நிற்பதைப் பயணிகள் காண முடிந்தது. குறைந்த நேரமே உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். சற்று உள்ளே, சதாம் தெரு முனையில், மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் எழுந்த அதன் உச்சியில் 1867 முதல் கலங்கரை விளக்கும் எரிந்தது. கடலில் கப்பலுக்கு வழிகாட்டிய அதே கோபுரம் கரையில் பயணிக்கு மணி காட்டியது.

நேரத்துக்கு ஏற்ற வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முர்ரே கையேடு போன்ற பயண நூல்களும், கொழும்பிலேயே அச்சான வழிகாட்டிகளும், ஹோட்டல்களும் ஏறத்தாழ ஒரே யோசனையைச் சொல்லின. கைவசம் உள்ள மணி நேரத்தை முதலில் கணக்கிடுவது, பிறகு அதற்குள் அடங்கும் வட்டத்தை வரைவது.

இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் கிடைத்தவர்களுக்குக் கோட்டையும் புறக்கோட்டையும் போதும். ரிக்ஷாவில் ஏறினால் புறக்கோட்டைச் சந்தை, செட்டியார் தெரு, அங்குள்ள கதிரேசன் கோயில்கள் என்று ஒரு சுற்று வரலாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் அரிசிக் கடைகளும் நிறைந்த தெரு அது. ஐரோப்பியப் பயணிகள் பலர் முதன்முதலாக ஒரு தமிழ்த் தெருவைக் கண்டது அங்கேதான். பிறகு காலிமுகத்திடல், அதன் தென்கோடியில் 1864 முதல் இருந்துவரும் காலிமுக ஹோட்டலில் தேநீர். அத்தோடு திரும்பலாம்.

அரைநாள் கிடைத்தவர்களின் வட்டம் பெரியது. குதிரை வண்டியில் கொம்பனித்தெரு வழியாகக் கறுவாத்தோட்டம். டச்சுக்காரர் கறுவாப் பயிரிட்ட அந்த நிலம் அப்போது பங்களாக்களும் நிழல் சாலைகளுமாக மாறியிருந்தது. அங்கே 1877இல் திறந்த அரும்பொருட்சாலை. அலைதடுப்புக்கு வழிசெய்த அதே கிரெகரிதான் அதற்கும் காரணம். அவருடைய சிலை இன்றும் அதன் முன்னால் நிற்கிறது. பௌத்த விகாரையைக் காண விரும்பியவர் வடகிழக்கே களனிக்குப் போனார். கடற்காற்றும் நல்ல மீன் சாப்பாடும் வேண்டியவர் தெற்கே ஏழு மைல் தள்ளியிருந்த கல்கிசைக்கு ரயிலேறினார். ஆளுநர் தாமஸ் மெயிட்லண்ட் வாழ்ந்த மாளிகை அங்கே ஹோட்டலாகியிருந்தது. தென்னந்தோப்புகளின் ஓரமாகக் கடலை ஒட்டியே போகும் அந்த ரயில் பாதையே ஒரு காட்சி.

முழுப் பகல் கிடைத்தவர்களின் கனவு கண்டி. 1867இல் கொழும்பையும் கண்டியையும் இணைத்த ரயில் பாதை கோப்பித் தோட்டங்களுக்காகப் போடப்பட்டது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகும் மலைநாட்டின் உயிர்நாடியாக அது இருந்தது. ஏறத்தாழ 75 மைல் தூரத்துக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். கடுகண்ணாவைச் சரிவில் ரயில் பாறையைக் குடைந்து ஏறும்போது, ஒரு பக்கம் செங்குத்து மலையும் மறுபக்கம் வயல் படிகள் தெரியும் பள்ளத்தாக்குமாகக் காட்சி விரியும். கண்டியில் தலதா மாளிகை, ஏரி, நாலு மைல் தள்ளிப் பேராதனைப் பூங்கா. போக நாலு, வர நாலு என்று எட்டு மணி நேரம் ரயிலிலேயே கழியும். ஆகவே விடியலில் வந்து இரவில் புறப்படும் கப்பலில் வந்தவருக்கே அது பொருந்தியது. 1902இல் முதல் மோட்டார் கார் இலங்கைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வாடகைக் கார்கள் பெருகியதும் கண்டி வழி பலருக்கு எட்டியது.

எழுத்தாளர் ஆன்டன் செகோவ் 1890 நவம்பரில் இந்த வழியேதான் போனார். சகலின் தீவிலிருந்து கடல்மார்க்கமாக ரஷ்யா திரும்பும்போது கொழும்பில் இறங்கி, கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கி, ரயிலேறிக் கண்டிக்குப் போய்வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று கடிதத்தில் எழுதிய அவர், திரும்பும்போது கீரிப்பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு கப்பலேறினார்.

கடையும் கடிதமும்

எந்த வட்டத்தில் போனாலும் கடைசி ஒரு மணி நேரம் கோட்டைக் கடைகளுக்கு ஒதுக்கப்பட்டது. சதாம் தெருவிலும் யோர்க் தெருவிலும் நீலக்கல், சந்திரகாந்தம், வைடூரியம், கருங்காலி யானை, ஆமையோட்டுச் சீப்பு, முள்ளம்பன்றி முள்ளால் இழைத்த பெட்டி, கையால் பின்னிய லேஸ் எல்லாம் கிடைத்தன. கப்பல் நேரம் கடைக்காரருக்கும் தெரியும். முதலில் சொல்லும் விலையிலிருந்து பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று விற்பவர்களும் இருந்தார்கள். கல்லைப் பெயருள்ள கடையில் மட்டும் வாங்கும்படி கையேடுகள் எச்சரித்தது இதனால்தான். பேரம் பேசப் பொழுதில்லாதவர் கார்கில்ஸ் போன்ற நிலைவிலைக் கடைக்குப் போனார். அந்தக் கடையின் செங்கல் கட்டடம் 1906 முதல் யோர்க் தெருவில் நிற்கிறது.

1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் படத் தபாலட்டைகளை வாங்கி, ஹோட்டல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாலு வரி எழுதித் தபாலில் போடுவது இன்னொரு வழக்கம். கொழும்பைப் பற்றி ஐரோப்பியர் மனத்தில் பதிந்த காட்சிகள் பலவும் இந்த அட்டைகள் தந்தவை.

ஒரு நாள் ஆட்டம்

துறைமுக நிறுத்தத்திலிருந்து கிரிக்கெட் மரபு ஒன்றும் பிறந்தது. 1882இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி கொழும்பில் இறங்கி உள்ளூர் அணியுடன் ஆடியது. அதன்பின் அவ்வழியே போன இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் கொழும்பில் ஒரு நாள் ஆடுவது வழக்கமாயிற்று. கப்பலில் மட்டை பிடிக்காமல் கிடந்த ஆட்டக்காரர்களுக்குக் கால் நீட்ட ஒரு வாய்ப்பு. கொழும்பு மக்களுக்கோ உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை நேரில் காண வேறு வழியில்லை. 1948 மார்ச்சில் டான் பிராட்மனின் அணி 'ஸ்ட்ராத்எயர்ட்' கப்பலில் வந்து, தமிழ் யூனியன் சங்கத்தின் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. 22 கஜம் இருக்க வேண்டிய ஆடுதளம் அன்று 20 கஜமே இருந்தது. பின்னாளில் பி. சரவணமுத்து பெயரைப் பெற்ற அதே மைதானத்தில் 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது.

சுமந்தவர்கள்

பயணியின் ஒரு பகல் சுகமாகக் கழிந்ததற்குப் பின்னால் பெரும் உழைப்பு இருந்தது. துறைமுகத்தில் கரி சுமந்தவர்களிலும் ரிக்ஷா இழுத்தவர்களிலும் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். 1880களில் கொழும்புக்கு வந்த ரிக்ஷா, நேரம் குறைந்த பயணிக்கு மிக உகந்த வண்டியாக இருந்தது. நகராட்சி உரிமம் கொடுத்து, தூரத்துக்கும் மணிக்கும் இவ்வளவு என்று கூலி வரையறுத்தது. அந்தப் பட்டியல் கையேடுகளிலும் அச்சானதால் பயணி ஏமாறவில்லை. வெறுங்காலோடு சாலையில் ஓடியவருக்கு அந்தக் கூலி வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. கப்பல் சீக்கிரம் புறப்பட வேண்டுமென்றால் கரி சுமந்தவர்கள் இராப்பகலாக வேலை செய்தார்கள். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1920களில் தொழிற்சங்கம் வளர்ந்து, 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோதுதான், கொழும்பின் நேர அட்டவணை யாருடைய கையில் இருந்தது என்பது கம்பெனிகளுக்குப் புரிந்தது.

வழக்கம் ஓய்ந்தது

முதல் உலகப் போருக்குப் பின் கப்பல்கள் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. கரித்தூசி போயிற்று, கரையிறங்கும் பழக்கம் போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொழும்பில் ஒரு பகல் கழித்தன. 1954இல் எலிசபெத் அரசியின் பெயரில் புதிய துறைமேடை திறந்தது; மேடையை ஒட்டி நிற்கும் கப்பலிலிருந்து படகில்லாமலே இறங்கலாம் என்றாயிற்று.

பிறகு ஜெட் விமானம் வந்தது. மூன்று நான்கு வாரக் கடற்பயணம் இரண்டு நாளாகச் சுருங்கியது. 1967இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்ததில் எஞ்சிய பயணிக் கப்பல்களும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. 1970களில் வழக்கமான பயணிக் கப்பல் போக்குவரத்து ஓய்ந்து, 1980களில் கொழும்பு கொள்கலன் துறைமுகமாக வளர்ந்தது.

இப்போது வருபவை உல்லாசக் கப்பல்கள். கொழும்பில் இறங்குவோருக்குப் பேருந்துகள் காத்திருக்கின்றன. அவற்றின் பயணத் திட்டத்தில் கோட்டை, புறக்கோட்டை, காலிமுகத்திடல், களனி, நேரமிருந்தால் கண்டி என்று அதே பெயர்கள் உள்ளன. கரி ஏறும் நேரத்துக்கு அளந்து போட்ட வழி, கரி போன பின்னும் மாறவில்லை.