எலும்புப் பேழையும் வெள்ளி மோதிரமும்

ஐரோப்பாவின் பழைய அலங்காரப் பேழைகள் என்றதும் பொன்னும் மணியும் இழைத்தவையே நம் நினைவுக்கு வரும். நான் இன்று எடுத்துக்கொள்வதோ எலும்பினால் ஆன ஒரு சிறு பேழை. லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் ‘பிராங்ஸ் பேழை’ என்ற பெயரில் அது வைக்கப்பட்டுள்ளது. நீளம் சுமார் 23 சென்ரிமீற்றர்தான். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட இங்கிலாந்தின் நோர்தம்பிரியாவில் செதுக்கப்பட்டதென்பது அறிஞர் கருத்து.

முன்பலகையின் விளிம்பைச் சுற்றி, ‘ரூன்’ எனப்படும் பழைய எழுத்துகளில் ஒரு செய்யுள் ஓடுகின்றது. உள்ளே வைக்கும் பொருளைப் பற்றியோ உடையவரைப் பற்றியோ அது பேசவில்லை. கடல் பெருமீனொன்றைக் கரையில் ஒதுக்கியதையும், பரற்கற்களில் அகப்பட்டு அது துயருற்றதையும் சொல்லி, இது திமிங்கில எலும்பு என விடையும் தருகின்றது. நம்மவர் போடும் நொடியைப் போன்றதே இது. தன் கைக்கு வந்த எலும்புக்கும் ஓர் உயிர் இருந்ததை அந்தச் சிற்பி மறக்கவில்லை.

அதே பலகையில் இரு காட்சிகள் உள்ளன. வலப்புறத்தில் இயேசு பாலகனை வணங்கும் மூன்று ஞானியர். இடப்புறத்தில் வேலண்ட் என்னும் கொல்லன். இவனது தொழிற்றிறன் தன்னைவிட்டுப் போய்விடலாகாதென்று மன்னனொருவன் இவனை முடமாக்கிச் சிறைவைத்தான். இவனோ மன்னனின் மைந்தரைக் கொன்று, மண்டையோடுகளைக் கிண்ணங்களாக்கிப் பழிதீர்த்தான் என்பது வடபுலத்துப் பழங்கதை. பட்டடையின் கீழே தலையற்ற உடலொன்று கிடக்கின்றது. காணிக்கை ஏந்திய கைகளும் பழிதீர்க்கும் கைகளும் அருகருகே! புதிய சமயம் வேரூன்றிய பின்னரும், சிறைப்பட்ட தொழிலாளியின் கதையை இன்னொரு தொழிலாளி கைவிடவில்லை என்றே நான் கொள்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில், பிரான்சின் ஓவேர்ன் பகுதியில் ஒரு குடும்பத்தினர் இதைத் தையற்பெட்டியாக வைத்திருந்தனர். பலகைகளைப் பிணைத்திருந்த வெள்ளிக் கீல்களைக் கழற்றிக் கொடுத்து, வெள்ளி மோதிரமொன்றை வாங்கினார்களாம். பேழை துண்டு துண்டாயிற்று. ஓகஸ்டஸ் பிராங்ஸ் என்பவர் 1857இல் பாரிஸ் நகரில் அத்துண்டுகளை வாங்கி, 1867இல் நூதனசாலைக்கு வழங்கினார். ஆயினும் வலப்பக்கப் பலகை தனியே பிரிந்துபோய், இன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பார்ஜெல்லோ நூதனசாலையில் இருக்கின்றது. லண்டனில் அவ்விடத்தை நிரப்புவது வார்ப்புப் பிரதியே.

விலையுள்ளது வெள்ளி, விலையற்றது எலும்பு என்று அந்த வீட்டில் யாரோ எண்ணியிருக்க வேண்டும். அந்த மோதிரத்தைத் தேடுவார் இன்று எவருமில்லை. எலும்புப் பலகைகளோ இரு நாடுகளில் கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. நம் வீடுகளிலும் பழைய பெட்டகங்கள் உண்டு. அவற்றின் பூட்டையும் கீலையும் நிறுத்து விலை பேசுமுன், அவற்றைச் செய்த கைகளையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.