பனி காணாத ஊரில் பனித்தடுப்பு நீர்மம்: சிங்கப்பூர்க் கார்களின் குளிர்விப்பு, 1896 முதல் இன்றுவரை

முன்னுரை

சிங்கப்பூரின் நெடுங்கால வெப்பநிலையைக் கணக்கிட அளவுகோலாக இருப்பது சாங்கி வானிலை நிலையம். 1991 முதல் 2020 வரை அங்கு பதிவான ஆண்டுச் சராசரி 27.8 டிகிரி செல்சியஸ். தீவு இதுவரை கண்ட கடுங்குளிர், 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் பதிவான 19 டிகிரி. அந்த நாளிலும் தண்ணீர் உறைவதற்கு இன்னும் 19 டிகிரி இறங்க வேண்டியிருந்தது. ஆனாலும் சாங்கி விமான நிலையத்தில் ஆள் இறக்கிவிட வரிசையில் நிற்கும் கார்களின் ரேடியேட்டர்களில், குளிர்நாடுகளின் உறைபனியைச் சமாளிக்கச் சந்தைக்கு வந்த எத்திலீன் கிளைக்கால் ஓடிக்கொண்டிருக்கிறது.

பனியே இல்லாத ஊருக்கு அது ஏன் வந்தது? அதை எப்போது மாற்றுவது என்பதை யார் தீர்மானித்தார்கள்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றுக்குள் இருக்கிறது. முதலில் ஓட்டுநரின் கண் தீர்மானித்தது, பிறகு உலோகத்தின் வேதியியல், இப்போது நாட்காட்டி. இந்த மூன்று கட்டங்களையும் இக்கட்டுரை தொடர்கிறது.

1. கொதித்துத் தீர்ந்த தண்ணீர்

1896இல் காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த பென்ஸ் வண்டிதான் இத்தீவின் முதல் கார். அதை ஓட்டித் திரிந்தவர் வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான சார்லஸ் பர்ட்டன் பக்லி. ஊரார் அதற்கு ‘காப்பி மெஷின்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அக்காலப் பென்ஸ் எஞ்சின்களில் குளிர்விப்பு என்பது தண்ணீர் கொதித்து ஆவியாவதுதான். ஆவி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். குறைந்த தண்ணீரை மறுபடி ஊற்ற வேண்டும். அங்கே ‘மாற்றுவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தீர்ந்தால் ஊற்று, அவ்வளவுதான்.

இந்த நிலையை மாற்றியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக். 1900இன் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில் அவர் பொருத்திய தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களுக்குள் காற்று, அவற்றைச் சுற்றித் தண்ணீர். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்ததால் குளிர்விக்கத் தேவைப்பட்ட அளவு பாதியாகக் குறைந்தது. ஃபோர்டின் மாடல் டி கார்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீர்ப் பம்பும் கிடையாது. சூடான நீர் மேலேற, குளிர்ந்த நீர் கீழிறங்க, சுழற்சி தானாக நடந்தது. 1926இல் மலாயா ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டபோது இந்தத் தலைமுறைக் கார்களே சாலைகளில் ஓடின.

மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுபோன காலத்தைக் கிரேத்தா ஆயர் என்ற மலாய் இடப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போலக் காருக்கும் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்து, குறைந்ததை ஊற்றுவது ஓட்டுநரின் அன்றாட வேலையாயிற்று.

2. கிளைக்காலின் வருகை

எத்திலீன் கிளைக்காலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் உருவாக்கிவிட்டார். கார்க்காரர்களிடம் அது வந்தது 1927இல், அமெரிக்காவில் பிரஸ்டோன் என்ற பெயரில். அதற்கு முன் குளிர்நாடுகளில் தண்ணீரோடு சாராயம் கலந்தார்கள். அது ஆவியாகிப் போனது. கிளைக்கால் 197 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் உள்ளேயே தங்கியது. சரிபாதியாகக் கலந்த நீர் சுழியத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது. சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது.

இந்த இரண்டாவது எண்தான் வெப்பநாட்டுக்குப் பொருந்தும். அதன் பயனை முதலில் உணர்ந்தவர்கள் விமானப் பொறியாளர்கள். 1942 ஜனவரியில் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சிங்கப்பூர் வந்திறங்கிய ஹரிக்கேன் போர்விமானங்களின் மெர்லின் எஞ்சினைக் குளிர்வித்தது கிளைக்கால் கலந்த நீர்தான். அடுத்த மாதமே தீவு வீழ்ந்தது. 

3. குளிர்விக்க அல்ல, அரிக்காமல் காக்க

ஒரு முரண்பாட்டை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும்; பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவைக்குச் சுமார் 3.5 போதும். அதாவது வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரன். கொதிநிலையை உயர்த்தவும் கிளைக்காலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ரேடியேட்டர் மூடி உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

அப்படியானால் கூலண்ட் என்னும் கிளைக்கால் கலவை எதற்கு? விடை உலோகத்தில் இருக்கிறது. பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும், எஞ்சின் வார்ப்பிரும்பு. 1970களிலிருந்து ரேடியேட்டரும் சிலிண்டர் தலையும் படிப்படியாக அலுமினியத்துக்கு மாறின. அலுமினியம் இலகு, ஆனால் குழாய்த்தண்ணீரிலுள்ள குளோரைடு அதை ஊசி குத்தியது போல் துளைத்துவிடும். ஆகவே கூலண்ட் புட்டியில் நாம் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்களைத்தான். கிளைக்கால் அவற்றைச் சுமந்து வரும் வண்டி.

பச்சை நிறத்தில் வந்த பழைய வகைகளில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் இருந்தன. அவை உலோகத்தின் மேல் முழுவதுமாகப் படலம் போர்த்தும். விரைவில் தீர்ந்தும் போகும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்று என்ற பட்டறை வழக்கம் அங்கிருந்து வந்தது. 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்கூல் என்ற கரிம அமில வகைக்கு மாறியது. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் இவ்வகை மெதுவாகவே தீர்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் கரிம அமிலத்தோடு பாஸ்பேட்டைச் சேர்த்தன. தண்ணீர்ப் பம்பின் சீலைத் தேய்க்கும் என்று சிலிக்கேட்டைத் தவிர்த்தன. கடினநீர் நிறைந்த ஐரோப்பாவிலோ பாஸ்பேட் உப்பாகப் படியும் என்று அதைத் தவிர்த்துச் சிலிக்கேட்டை வைத்துக்கொண்டார்கள். நிறம் இதையெல்லாம் சொல்லாது. சிவப்பும் இளஞ்சிவப்பும் நீலமும் வெறும் சாயம். அவற்றுக்குப் பொதுத்தரம் எதுவும் இல்லை.

4. பத்தாண்டு என்னும் எல்லை

1990 மே மாதம் சிங்கப்பூரில் வாகன ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அம்முறையில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. அதன்பின் காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

இதோடு நெடுநாள் கூலண்டின் கணக்கை ஒப்பிடலாம். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு வகைக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டர் அல்லது பத்து ஆண்டு. பிறகு 80,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு. ஹோண்டாவின் நீல வகைக்கும் முதல் தவணை பத்து ஆண்டுதான். ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர் ஓடும் கார், தூரம், காலம், சான்றிதழ் ஆகிய மூன்றின் எல்லையையும் ஒருசேரத் தொடும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பும் இரண்டாம் தவணையும்கூட ஒத்துப்போகின்றன. யாரும் திட்டமிடாத பொருத்தம் இது. ஆனால் அதன் விளைவு பெரிது: ஆலையில் ஊற்றிய கூலண்டோடு பிறந்து, அதே கூலண்டோடு பதிவு நீங்கிப் போகும் கார்கள் இங்கே சாத்தியமாயின. கூலண்டைப் பற்றி யோசிக்க வேண்டியவர் பெரும்பாலும் இருவரே: சான்றிதழைப் புதுப்பிப்பவர், பழைய கார் வாங்குபவர்.

5. தீர்மானிக்கும் முறை

பட்டறையில் சோதிக்கப் பயன்படும் ஒளிவிலகல்மானி கிளைக்காலின் செறிவைத்தான் காட்டும். அரிப்புத் தடுப்பான் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. உறைநிலைக்குப் பொருளில்லாத ஊரில் அந்த அளவை மட்டும் நம்பி ‘இன்னும் நல்லா இருக்கு’ என்பது பாதித் தீர்ப்பு. வெப்பத்திலும் காற்றிலும் கிளைக்கால் மெல்ல அமிலமாகிறது. காரத்தன்மையைக் காட்டும் சோதனைத் தாள் அதைக் கண்டுகொள்ளும்.

காலம், தூரம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. நின்ற காரிலும் கூலண்டுக்கு வயது ஏறும். துருநிறம், சேறு, எண்ணெய்ப் படலம் தெரிந்தால் தவணைக்குக் காத்திருக்கலாகாது. முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத காரை வாங்கினால் முழுதாக வடித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, தயாரிப்பாளர் சொன்ன வகையை ஊற்றுவதே சரி. மட்டம் அடிக்கடி இறங்கினால் அது முதுமை அல்ல, கசிவு. அண்டை மலேசியாவின் ஜொகூர் போகும் வழியில் நெருக்கடிக்குக் குழாய்த்தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை. ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் பென்ஸ் காலத்துக்குப் பின் அழுத்த மூடி தந்த புதுப் பாடம்.

முடிவுரை

ஜூரோங் தீவில் 2009இல் ஷெல் இயக்கத் தொடங்கிய கிளைக்கால் ஆலையின் ஆண்டுத் திறன் அப்போது 750,000 டன். உலகக் கிளைக்காலில் பெரும்பங்கு பாலியஸ்டருக்குப் போகிறது. கூலண்டுக்குப் போவது சிறுபகுதி. எனினும் உறைபனி அறியாத தீவு, உறைபனியைத் தடுக்கும் பொருளை ஏற்றுமதி செய்யும் இடமானது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். அப்போதும் கூலண்ட் போகாது. மின்காரின் பேட்டரியைச் சுற்றியும் கிளைக்கால் கலந்த நீர்மம்தான் ஓடுகிறது. சில வகைகளில் அது மின்சாரத்தைக் குறைவாகவே கடத்த வேண்டும். பக்லியின் காலத்தில் தீர்ந்தது தண்ணீர், கண்ணுக்குத் தெரிந்தது. இன்று தீர்வது தடுப்பான். புட்டியின் மட்டம் குறையாமலேயே அது தீர்ந்துவிடும். நாட்காட்டி தேவைப்பட்டது அதனால்தான்.