விமானி வானில் தூங்கலாமா? விமானத்துக்கு விமானம் மாறும் ஓய்வும் தரையிறக்கமும்

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு விடியற்காலை 3 மணி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. அதே நேரத்தில் பக்கத்து மாவட்டமான சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கிக் கொண்டும் ஏறிக் கொண்டும் இருக்கும். அவற்றைச் செலுத்தும் விமானிகளுக்கும் அதே உடல்தான், அதே தூக்கம்தான். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை மனித உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம்.

அப்படியானால் விமானி வானில் தூங்கலாமா? தூங்கலாம். ஆனால் எங்கே, எவ்வளவு நேரம், எழுந்த பிறகு எப்போது கட்டுப்பாட்டைத் தொடலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அந்த விதிகள் விமானத்தின் அளவையும் பயணத்தின் தூரத்தையும் பொறுத்து மாறும்.

பெரிய விமானத்தில் படுக்கை

கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குச் செல்ல 13 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மலேசியா ஏர்லைன்ஸ் அந்தத் தடத்தில் ஏர்பஸ் ஏ350-900 விமானத்தை இயக்குகிறது. இவ்வளவு நீண்ட பயணங்களில் இரண்டு பேர் மட்டும் போவதில்லை. கூடுதல் விமானிகள் உடன் செல்வார்கள். முறை வைத்து ஓய்வெடுப்பார்கள். ஏ350, போயிங் 777 போன்ற விமானங்களில் விமானிகளுக்கென்று படுக்கையுடன் கூடிய சிறு அறை உண்டு. பயணிகளின் கண்ணில் அது படாது.

யார் எப்போது தூங்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க விதியின்படி, விமானத்தைத் தரையிறக்கப் போகும் விமானிக்குப் பணி நேரத்தின் பிற்பாதியில் தொடர்ந்து 2 மணி நேரம் ஓய்வு வாய்ப்பு இருக்க வேண்டும். மிகக் கடினமான வேலை கடைசியில் வருவதால், அதைச் செய்பவர் களைப்பில்லாமல் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

சிறிய விமானத்தில் இருக்கைதான்

திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் நம் மக்கள் பெரும்பாலும் ஏறுவது ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737. பயணம் ஏறக்குறைய 4 மணி நேரம். இவற்றில் இரண்டே விமானிகள். படுக்கை அறை கிடையாது. களைப்பு மிகுந்தால், ஒருவர் தம் இருக்கையிலேயே சிறிது நேரம் கண்ணயரலாம். மற்றவர் விழித்திருந்து விமானத்தைக் கவனிப்பார். ஐரோப்பா உட்படப் பல இடங்களில் இதற்கு அனுமதி உண்டு. அமெரிக்கா அனுமதிப்பதில்லை.

இந்தக் குட்டித் தூக்கம் வீண்போவதில்லை என்று நாசா 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிடம் கொடுத்தபோது, அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்காதவர்களைவிட அவர்கள் தரையிறங்கும் கட்டத்தில் விழிப்பாக இருந்தார்கள். ஆனால் எழுந்தவுடன் வரும் தூக்கக் கலக்கம் தெளிய நேரம் வேண்டும். அதனால்தான் தூக்கத்தைக் குறுகியதாக வைத்து, எழுந்தபின் சுமார் 20 நிமிடம் விட்டுத்தான் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று வழிகாட்டுகிறார்கள்.

மங்களூரில் நடந்தது

இந்த இடைவெளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2010 மே 22 சாட்சி. துபாயிலிருந்து மங்களூருக்கு இரவில் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, காலை 6 மணியளவில் இறங்கியது. அது போயிங் 737-800. விமானியறை ஒலிப்பதிவில் இருந்த சுமார் 2 மணி 5 நிமிடத்தில், ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம் தலைமை விமானி தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தமும் பதிவாகியிருந்தது.

அவர் எழுந்து இறங்கத் தொடங்கியபோது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிகமாக இருந்தது. இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று இணை விமானி மீண்டும் மீண்டும் சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. மேட்டு நிலத்தில் அமைந்த 8,000 அடி ஓடுபாதையில், சுமார் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். 8 பேர் மட்டுமே பிழைத்தார்கள். தலைமை விமானியின் தூக்கக் கலக்கம் அவருடைய தவறான முடிவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது.

நமக்கு அருகிலேயே இன்னொரு சம்பவம். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்குச் சென்ற பாத்திக் ஏர் ஏ320 விமானத்தில் 153 பயணிகள் இருந்தார்கள். தலைமை விமானி சொல்லிவிட்டு ஓய்வெடுத்தார். பொறுப்பேற்ற இணை விமானியும் தம்மையறியாமல் தூங்கிவிட்டார். ஏறக்குறைய 28 நிமிடம் யாரும் பதில் சொல்லவில்லை. விமானம் பாதை விலகியது. தலைமை விமானி விழித்துச் சரிசெய்ததால் எல்லாரும் நலமாகத் தரையிறங்கினர். இணை விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள் இருந்ததும், அவருக்குப் போதிய தூக்கம் இல்லாததும் பின்னர் தெரியவந்தது.

தரையிறக்கும் பழக்கங்கள்

தெளிந்த மனம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தரையிறக்கத்தைப் பார்த்தால் புரியும். பெரும்பாலான தரையிறக்கங்களை விமானிகள் கையால்தான் செய்கிறார்கள். தானியங்கித் தரையிறக்கம் மூடுபனி போன்ற பார்வை குறைந்த நேரங்களுக்கு உரியது.

போயிங் 737-இல் விமானியின் முன்னால் பெரிய கைப்பிடிச் சக்கரம் இருக்கும். தலைமை விமானி அதை அசைத்தால் இணை விமானியின் சக்கரமும் சேர்ந்து அசையும். ஏர்பஸ் ஏ320-இல் பக்கவாட்டில் ஒரு சிறு கைப்பிடிதான். ஒருவர் அசைப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. கையால் இறக்கும்போது, தரைக்குச் சுமார் 20 அடி இருக்கையில் எஞ்சின் விசையைக் குறைக்கும்படி ஏர்பஸ் குரல் கொடுத்து நினைவூட்டும். ஒரு விமானத்துக்குப் பழகிய கை, தனிப் பயிற்சி இல்லாமல் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

குறுந்தூர விமானி ஒரே நாளில் பலமுறை இறங்குவார். நீண்டதூர விமானிக்கு மாதத்தில் சில முறையே அந்த வாய்ப்பு கிடைக்கும். கை மறக்கக் கூடாது என்பதற்காக, 90 நாள்களுக்குள் குறைந்தது 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. குறைவு இருந்தால் பயிற்சி விமானக் கருவியில் ஈடுகட்டுவார்கள்.

ஓய்வுக்கு விலை உண்டு

விமானிகளுக்கு ஓய்வு கூடினால் நிறுவனத்துக்கு அதிக விமானிகள் தேவை. இந்தியா தன் விதியைத் திருத்தி, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. இரவு நேரத் தரையிறக்கத்தை 6-லிருந்து 2-ஆகக் குறைத்தது. அது முழுமையாக நடப்புக்கு வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில், இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. பயணிகள் தவித்தார்கள், அரசு அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தது. விதி தவறு என்பதல்ல, அதற்கு ஏற்ற ஆள்பலம் இல்லை என்பதே அங்கு கண்ட பாடம்.

பயணிகள் அறிய வேண்டியது

மழையில் விமானம் ‘தொப்’பென்று இறங்கினால் விமானி மோசம் என்று நினைக்க வேண்டாம். ஈரமான ஓடுபாதையில் சக்கரம் நீரின் மேல் வழுக்காமல் தரையைப் பற்ற, அழுத்தமாக இறக்குவதே முறை. இறங்க வந்த விமானம் திடீரென்று மேலே ஏறினாலும் பயப்பட வேண்டாம். மங்களூரில் நடக்காமல் போனது அதுதான். விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டதால் தாமதம் என்று அறிவித்தால், கோபம் வருவது இயல்பு. ஆனால் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் தூக்கத்தோடு வீடு திரும்பியவருக்கு, அந்தத் தாமதம் எதற்காக என்பது நன்றாகவே தெரியும்.