குத்தூசியும் குரலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் மக்களுக்குக் குத்தூசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோலைத் துளைத்து நூலுக்கு வழிவிடும் அச்சிறு கருவியோடு கல்வி வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்று பிணைந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம். 1812ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் பட்டறையில் அவருடைய மூன்று வயது மகன் குத்தூசியை எடுத்து விளையாடினான். ஊசி கை நழுவிக் கண்ணில் பாய்ந்தது. புண்ணின் நஞ்சு மறு கண்ணுக்கும் பரவிற்று. சில ஆண்டுகளில் அச்சிறுவன் முற்றிலும் பார்வை இழந்தான். அவன் பெயர் லூயி பிரெயில்.

பதினைந்து வயதில், 1824ஆம் ஆண்டில், தன் கண்ணைப் பறித்த கருவியை ஒத்ததோர் ஊசியைக் கொண்டே அவன் தாளில் புள்ளிகளை எழுப்பினான். ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் எல்லா எழுத்துகளையும் விரல் நுனியால் படிக்கலாம் என்று காட்டினான். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. பின்னாளில் பாரிசு ஆலயங்களில் ஆர்கன் வாசித்த அப்பெருந்தகை, பார்வையற்றோரின் கையில் எழுத்தைக் கொண்டுவந்து வைத்தார். நம் தமிழ்நாட்டில் 1890ஆம் ஆண்டு அஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்குப் பள்ளி நிறுவினார். 1951இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது.

இவ்வாறு எழுத்து கண்ணிலிருந்து விரலுக்கு வந்தது. ஆனால் விரலும் உணர்விழந்து போனவர் என் செய்வார்?

கரிகிரி எழுப்பிய கேள்வி

இக்கேள்வியை மிகக் கூர்மையாகச் சந்தித்த இடங்களுள் ஒன்று நமது வேலூர். தொழுநோய் நரம்புகளைத் தாக்கி விரல்களின் உணர்ச்சியைப் போக்கிவிடும். அதே நோய் இமைகளை மூடவியலாமற் செய்து, கருவிழியின் உணர்ச்சியையும் கெடுத்து, நாளடைவில் பார்வையையும் பறிக்கக்கூடும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தவருக்கு அச்செழுத்தும் இல்லை, பிரெயில் எழுத்தும் இல்லை.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய வரலாற்றை நாம் அறிவோம். அவர் துணைவியார் மார்கரெட் பிராண்டு, தொழுநோயாளரின் கண்களைக் காப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1955இல் கரிகிரியில் தோன்றிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில், உணர்விழந்த பாதங்கள் புண்படாதபடி மென்மையான நுண்துளை இரப்பரைக் கொண்டு காலணிகள் செய்யப்பட்டன. தோலையும் காலணியையும் தொழிலாகக் கொண்ட நம் மண்ணில், காலணி மருந்தாகவும் ஆனது இங்கேதான். பின்னர், 1963இல், சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால், நோய் நீங்கியோர்க்கு வேலை தரும் பட்டறையாகக் காட்பாடியில் தோன்றியதே வொர்த் டிரஸ்ட். பிரெயில் எழுத உதவும் பெர்கின்ஸ் பொறி பிற்காலத்தில் அங்கே உருவாக்கப்பட்டது.

கைக்கும் காலுக்கும் இவ்வாறு வழி பிறந்தது. விரல் உணராத, கண் காணாத ஒருவர் படிப்பதற்கு எஞ்சியிருந்த வழி செவி ஒன்றே. முதுமையில் பார்வை இழப்பவர்க்கும், நீரிழிவு நோயால் கண்ணும் விரல் நுனியும் ஒருங்கே மங்கியவர்க்கும் இது பொருந்தும். எனவே எழுத்தைப் பேச்சாக்கும் கருவியின் வரலாறு நமக்கு அயலார் கதை அன்று.

வாசிப்பு ஒலியாக இருந்த காலம்

செவியால் படிப்பது தாழ்ந்த படிப்பு என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. திருத்தூதர் பணிகள் நூலில், தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய நிதியமைச்சரைப் பிலிப்பு சந்திக்கிறார். அவர் என்ன படிக்கிறார் என்பது பிலிப்புக்கு எப்படித் தெரிந்தது? அவர் வாய்விட்டுப் படித்தார், பிலிப்பு கேட்டார். மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் குரலெழுப்பாமல் கண்ணால் மட்டும் படித்ததைப் புனித அகுஸ்தினார் தனியே குறிப்பிடத்தக்க செய்தியாக எழுதி வைத்தார்.

நம் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில், திரௌபதியம்மன் கோயில் முற்றத்தில் நாட்கணக்காகப் பாரதம் படிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் செவிவழியே கதை முழுவதையும் அறிந்திருந்தனர். அச்சு நூல் பெருகிய பின்னரே படிப்பு என்பது தனித்திருந்து, வாய்மூடி, கண்ணால் செய்யும் செயலாக மாறிற்று. அம்மாற்றத்தால் பெற்றோர் பலர், இழந்தோரும் உளர்.

பேசும் பொறி

இழந்ததைப் பொறியின் வழியே மீட்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் என்பவர் துருத்தியைக் கொண்டு காற்றை ஊதி, பேச்சொலி எழுப்பும் பொறியைச் செய்து, 1791இல் அதனை நூலாக விளக்கினார். அவருடைய விளக்கத்தைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் செய்த பொறியில், மனித வாய்க்கு ஈடாக அமைந்தது தோலால் ஆன குழல். கையால் அதனை அழுத்தியும் தளர்த்தியும் உயிரொலிகளை எழுப்பினர். பொறி பேசிய தொடக்கச் சொற்களிலும் தோலுக்குப் பங்கு உண்டு என்பது நம் வட்டாரத்தார் நினைவில் கொள்ளத் தக்கது.

1939இல் ஹோமர் டட்லி அமைத்த வோடர் என்னும் மின்பொறி நியூயார்க் உலகக் கண்காட்சியில் பேசிற்று. 1976இல் ரே கர்ஸ்வைல், அச்சிட்ட பக்கத்தைத் தானே பார்த்து உரக்கப் படிக்கும் பொறியைப் பார்வையற்றோருக்காக வெளியிட்டார். அது பெரும் விலை கொண்டது. 2006இல் ஆஸ்திரேலியாவில், தாமே பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் இளைஞர், கணிப்பொறித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கி, விலையின்றி உலகுக்கு வழங்கினார். பார்வையுள்ளவர் திரையைக் காணக் கூடுதல் கட்டணம் செலுத்துவதில்லையே, பார்வையற்றவர் மட்டும் ஏன் செலுத்த வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள்.

தமிழைப் பேசவைத்தல்

தமிழைப் பொறிக்குக் கற்பிப்பது எளிதன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் பிரித்தறிய இயலாதிருந்தது. படிப்பவர் பொருளறிந்தே ஒலிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை எழுத்திலேயே காட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது என்று மரபு கூறும். இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த அவ்வியேசு சபைத் துறவி, பின்னொரு நாளில் பொறி தமிழ் படிக்கும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். எனினும் இன்று பொறி 'எரி' என்பதையும் 'ஏரி' என்பதையும் குழப்பாமல் ஒலிப்பதற்கு அத்திருத்தம் துணை நிற்கிறது.

ஆயினும் சிக்கல்கள் எஞ்சி நின்றன. 'கடல்', 'பகல்', 'சங்கு' என்னும் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ்ச் சொற்களுக்கு இதில் ஒழுங்கு உண்டு. பொறிக்கு அதனை விதியாகச் சொல்லிவிடலாம். பிறமொழிச் சொற்களுக்கு அவ்வொழுங்கு இல்லை. 'பாவம்' என்ற சொல் மறையுரையில் வந்தால் ஓர் ஒலி, நடன நூலில் வந்தால் வேறோர் ஒலி. 'கி.மீ.', 'ரூ.', '1996' என்பவற்றை விரித்துச் சொல்லவும் பொறி கற்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணனும், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும், அவர்தம் மாணவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தமிழ்க் குரலை உருவாக்கினர். தொடக்கத்தில் அசைகளைப் பதிவு செய்து ஒட்டவைத்த குரல் தடுமாறிற்று. இன்றைய குரல்களோ மனிதக் குரலை நெருங்கிவிட்டன.

இடையே வேறொரு தடை இருந்தது. 1990களில் தமிழ்க் கணிப்பொறி எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. திரையில் தமிழாகத் தோன்றிய சொல், உள்ளே உரோமன் எழுத்துகளாகவே இருந்தது. கண்ணுக்கு அது பக்தி நூல். படிக்கும் பொறிக்கோ பொருளற்ற உளறல். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தரப்பாட்டை நாடிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சான நூல்கள் மாற்றப்படாதவரை, அவை செவிக்கு மூடிய புத்தகங்களே.

இணையப் பாடங்களும் மூடிய கதவுகளும்

2003இல் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கி, தங்கள் வகுப்பறைகளை நாட்டுக்குத் திறந்தன. 2017 ஜூலையில் சுவயம் தளம் தொடங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று, சிற்றூர்ப் பள்ளிகளையும் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. வேலூரிலோ ஆம்பூரிலோ இருந்தபடியே எந்தப் பேராசிரியரின் பாடத்தையும் கற்கலாம் என்ற நிலை உண்மையிலேயே வியப்புக்குரியது.

ஆனால் பாடம் இணையத்தில் இருப்பதும் அது எல்லார்க்கும் எட்டுவதும் ஒன்றாகா. கையெழுத்துக் குறிப்புகளைப் படம் பிடித்து ஏற்றினால், பொறி அங்கே எழுத்தைக் காண்பதில்லை. வெறும் படத்தைக் காண்கிறது. வரைபடத்துக்கு விளக்கம் எழுதப்படாவிடில், 'படம்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். தலைப்புகள் தலைப்புகளாகக் குறிக்கப்படாவிடில், நூறு பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டி, "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று சொல்லும்போது, காண இயலாத மாணவர் எதைக் கூட்டுவார்? கருவி எத்துணை சிறந்ததாயினும், பாடத்தை ஆக்குபவர் வழிவிட்டால் அன்றி அது உள்ளே நுழைய இயலாது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்ற இசைவளித்தது. 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014 ஜூனில் முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு வடிவிலான உள்ளடக்கம் யாவரும் அணுகத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஓர் பகுதியே என்று தீர்ப்பளித்தது. எஞ்சியிருப்பது நம் செயல்.

தோல் பட்டறை நாட்டில்

இக்கருவி பார்வையற்றோர்க்கு மட்டும் உரியதன்று. 1970களில் பதப்படுத்தாத தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பின், நம் வட்டாரம் தோல் பதனிடுவதிலிருந்து காலணி செய்வதற்கு நகர்ந்தது. மேற்தோல் தைக்கும் கூடங்களில் பெண்கள் திரளாக அமர்ந்தனர். பகலெல்லாம் தையல் பொறியின் ஊசி முனையையே உற்று நோக்கிய கண்கள், மாலையில் கைப்பேசியின் சிறு எழுத்தைப் படிக்க மறுக்கின்றன. தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற விழையும் சகோதரிக்கு, ஆலைப் பேருந்தில் செல்லும் நேரம் பாடம் கேட்கும் நேரமாகலாம். எழுத்துகள் கலங்கித் தோன்றும் குறைபாடுடைய சிறாருக்கும், தமிழைப் பேசினும் வீட்டில் உருது பயின்ற மாணவருக்கும், எழுத்தைக் கண்டுகொண்டே ஒலியைக் கேட்பது பெருந்துணை.

உழைப்பாளர் செவிவழியே கற்றதற்கு முன்மாதிரியும் உண்டு. கியூபா நாட்டின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல், வேலை நேரத்தில் நாளிதழையும் நாவலையும் உரக்கப் படிக்க ஒருவர் அமர்த்தப்பட்டார். படிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தத்தம் கூலியிலிருந்து கொடுத்தனர். கைகள் புகையிலையைச் சுருட்ட, செவிகள் உலகை அறிந்தன.

பொறியின் குரலில் உயிர் இல்லை, அன்புள்ள ஒருவர் அருகிருந்து படிப்பதற்கு அது ஈடாகுமா என்று சிலர் வினவலாம். ஈடாகாது என்பதே நம் விடையும். நோயுற்ற முதியவரின் அருகில் அமர்ந்து படித்துக் காட்டுவது அன்பின் செயல். அது என்றும் நீடிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிறர் ஓய்வை எதிர்நோக்கி இருப்பவரின் உள்ளத்தையும் நாம் எண்ண வேண்டும். கேட்க வெட்கப்பட்டு விட்டுப்போன பாடங்கள் எத்தனை! நள்ளிரவில் ஒரே பத்தியைப் பத்து முறை கேட்கும் உரிமையைப் பொறி தருகிறது. அது சலிப்பதில்லை, நன்றியையும் எதிர்பார்ப்பதில்லை. படிப்பவருக்கு அது தருவது இரக்கத்தை விட மேலான ஒன்று: தன்னுரிமை.

நம் பள்ளிகளும், கல்லூரிகளும், பங்கு இல்லங்களும், நம்மைப் போன்ற இதழ்களும் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. இனி வெளியிடுவதை யூனிகோடு எழுத்தில் வெளியிடலாம். பழைய எழுத்துருவில் உள்ளவற்றைச் சிறிது சிறிதாக மாற்றலாம். படம் சேர்க்கும்போது அதன் கீழ் இரண்டு வரி விளக்கம் எழுதலாம். பாடம் ஒன்றை அனுப்புமுன், கண்ணை மூடிக்கொண்டு கைப்பேசியை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நமக்கு விளங்காத இடமே மாணவரும் இடறும் இடம். அதனைத் திருத்த அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை எதிர்நோக்கி நம் ஊர்களில் மாணவர் இருக்கின்றனர்.